பணவீக்கம் இறங்கியது, விலை இறங்கியதா?

தேநீர் ஆறுவதற்குள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். பணவீக்கத்தையும் விலைவாசியையும் ஒன்றென்று எண்ணுபவர்களுக்கு இலங்கையின் அண்மைக் கதையைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். அடுத்த செப்டம்பரில் 1.3. அதற்கடுத்த செப்டம்பரில், அதாவது 2024-இல், மைனஸ் 0.5. இந்த எண்களை மட்டும் பார்ப்பவர், விலையெல்லாம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது என்றுதான் நினைப்பார். வரவில்லை.

போன வருஷம் இதே மாதம் இருந்ததைவிட விலை எவ்வளவு கூடியிருக்கிறது என்பதைத்தான் பணவீக்கம் சொல்கிறது. விலை எந்த உயரத்தில் நிற்கிறது என்று அது சொல்லாது. 2021 செப்டம்பரில் 100 ரூபாய்க்குக் கிடைத்த சாமான்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வருஷத்தில் அது ஏறக்குறைய 170 ரூபாய். அதன்மேல் 1.3 சதவீதம் ஏறினால் 172. அதில் அரை சதவீதம் கழிந்தால் 171. பணவீக்கம் எழுபதிலிருந்து பூஜ்ஜியத்துக்கும் கீழே போயிற்று. கடைக்காரர் கேட்பது 171 ரூபாய்.

2023-இல் ஏற்றம்தான் மெதுவானது. 2024-இல் விலையே கொஞ்சம் இறங்கியது, அதுதான் பணச்சுருக்கம். மின் கட்டணம் குறைந்ததும் அதற்கு ஒரு காரணம். இத்தகைய இறக்கம் நீண்டகாலம் தொடர்ந்தால் வியாபாரியின் வரவு சுருங்கும், அவர் வாங்கிய கடனோ சுருங்காது. ஆகவே விலையைப் பழைய நூறு ரூபாய்க்கே கொண்டுபோக மத்திய வங்கிகள் முயல்வதில்லை. இலங்கை மத்திய வங்கியின் இலக்கே 5 சதவீதப் பணவீக்கம்தான்.

இடையில் இன்னொரு குழப்பம். 2022 ஏப்ரலில் அந்த வங்கி தன் கடன் வட்டியை 7.5 சதவீதத்திலிருந்து 14.5 சதவீதமாக்கியது. இதை ‘7 சதவீத உயர்வு’ என்று எழுதுவது தவறு. 7.5-இல் 7 சதவீதம் என்றால் அரைப் புள்ளிதான். ஏறியது 7 சதவீதப் புள்ளி. வட்டி கிட்டத்தட்ட இரு மடங்கானது.

சரி, ஏறிய விலை திரும்பாது என்றால் மனிதர்கள் எப்படிப் பிழைப்பது? கூலி ஏற வேண்டும், அதுவும் விலை ஏறிய அளவுக்கு. நாம் குடிக்கும் தேநீருக்குக் கொழுந்து பறிக்கும் மலையகத் தொழிலாளருக்கு 2021-இல் நாட்கூலி 1,000 ரூபாய். 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்கூலி 1,350. பணத்தில் பார்த்தால் 35 சதவீதம் கூடுதல். கொழும்புச் சுட்டெண்ணையே அளவாக வைத்தால், பழைய ஆயிரத்துக்கு ஈடாக 1,710 ரூபாய் வேண்டும். கையில் வரும் நோட்டு கூடியும், அந்த நோட்டு வாங்கித் தரும் அரிசியும் பருப்பும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டன. பணக்கூலி, மெய்க்கூலி என்று பொருளியலார் பிரித்துச் சொல்வது இதைத்தான். இரண்டையும் பிரித்துப் பார்க்காத எந்தக் கூலிப் பேச்சுவார்த்தையும் தொழிலாளிக்கு நியாயம் செய்யாது என்பேன்.

அடுத்த முறை ‘சம்பளம் இத்தனை சதவீதம் உயர்வு’ என்று செய்தி வந்தால், எந்த வருஷத்திலிருந்து என்று கேளுங்கள். அந்த வருஷத்திலிருந்து விலை எவ்வளவு ஏறியது என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.