பெயருக்கா, பிள்ளைக்கா?

என் அக்கா மகளுக்கு இது தலைப்பிரசவம். எட்டாம் மாதம் முடிகிற சமயத்தில், "சின்னம்மா, கடைக்கு ஒரு எட்டுப் போயிட்டு வரலாமுங்களா?" என்று வந்து நின்றாள். கையில் ஒரு பட்டியல். செல்போனில் யாரோ சொன்னதைக் கேட்டு எழுதி வைத்திருந்தாள். தொட்டில், தலையணையோடு மெத்தை செட், பால் பாட்டில் அரை டஜன், பாட்டிலைக் கிருமி நீக்க ஒரு மிஷின், பவுடர், லோஷன், ஷாம்பு, எண்ணெய், டயப்பர் நான்கு கட்டு... இரண்டு பக்கம் போயிற்று! ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கம்பெனியின் பெயர் வேறு.

கடையில் விலை கேட்டு மனசுக்குள்ளேயே கூட்டினேன். 23,000 ரூபாய்ச் சொச்சம். அவள் வீட்டுக்காரர் இங்கே திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஒரு மாதச் சம்பளம் அப்படியே போய்விடும்.

"ஏன் கண்ணு, இத்தனையும் வேணுமா?" என்றேன்.

"குழந்தை விஷயத்துல காசு பார்க்கலாமுங்களா சின்னம்மா? பெரிய கம்பெனின்னா கண்ணை மூடிட்டு வாங்கலாமுல்ல?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏனென்றால், கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவள்தான் நானும். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். அன்று ஒன்றும் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினோம். சாயங்காலம் அக்கா, எங்கள் அம்மா, நான், அவள் என்று நாலு பேரும் உட்கார்ந்து பட்டியலை மூன்றாகப் பிரித்தோம். காசு பார்க்கக் கூடாதது ஒன்று. வேண்டும், ஆனால் சிக்கனமாக வாங்கலாம் என்பது இரண்டு. வேண்டவே வேண்டாம் என்பது மூன்று.

எதற்கும் ஓர் அளவுகோல் வேண்டுமே! அரசு ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தமிழ்நாடு அரசு 2015-ல் ஒரு பரிசுப் பெட்டகம் கொடுக்கத் தொடங்கியது. அதில் 16 பொருள்கள். துண்டு, சட்டை, சின்னப் படுக்கை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை, தாய்க்கு ஒரு லேகியம் என்று எல்லாம் சேர்த்து மதிப்பு 1,000 ரூபாய். விலைவாசி ஏறிவிட்டது, வாஸ்தவம்தான். ஆனாலும் ஒரு பச்சைக் குழந்தைக்கு எவ்வளவு தேவை என்பது இதிலிருந்தே தெரிகிறது அல்லவா?

துணிமணி

எங்கள் ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு ரகசியம் தெரியும். ஒரே துணி, ஒரே தையல் மிஷின். ஒரு கட்டுக்கு வெளிநாட்டுப் பெயர் பொறித்த லேபிள் விழும். மிஞ்சிய கட்டு காதர்பேட்டைக் கடைகளுக்கு வந்து கிடக்கும். விலையில் உள்ள வித்தியாசம் அந்த லேபிளுக்குத்தான்.

நாம் பார்க்க வேண்டியது வேறு. சுத்தப் பருத்தியா? உள்பக்கத் தையல் குழந்தையின் தோலை உறுத்துமா? கழுத்தில் நீளமான கயிறோ, பிய்ந்து வரக்கூடிய பொத்தானோ இருக்கிறதா? இவற்றைப் பாருங்கள். பிறந்த குழந்தை அளவில் ஆறு சட்டைக்கு மேல் வேண்டாம். இரண்டு மாதத்தில் பத்தாமல் போய்விடும். புதுத் துணியை ஒரு தடவை அலசி வெயிலில் காய வைத்த பிறகே போடுங்கள். குழந்தைக்கு முதலில் பழைய துணிதான் போட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது. பல தடவை துவைத்த துணி மெத்தென்று இருக்கும். கஞ்சியும் சாயமும் போயிருக்கும்.

தொட்டிலும் மெத்தையும்

பட்டியலிலேயே விலை அதிகம் இதற்குத்தான். வேடிக்கை என்னவென்றால், தலையணை, பக்கவாட்டு மெத்தை, பொம்மை எல்லாம் வைத்து அழகாக விற்கிறார்களே, அதுதான் குழந்தைக்கு ஆகாது! முதல் ஒரு வருஷம் குழந்தையை மல்லாக்க, சமமான, அமுங்காத படுக்கையில் படுக்க வைக்க வேண்டும். தலையணையும் பஞ்சுப் பொம்மையும் மூக்கை மூடிவிடலாம் என்று குழந்தை டாக்டர்கள் சொல்கிறார்கள். தலை உருண்டையாக வருவதற்கென்று வைக்கும் கடுகுத் தலையணையும் வேண்டாம். தரையில் பாய், அதன்மேல் நன்றாக மடித்த போர்வை, மேலே ஒரு கொசுவலை. போதும்.

தூளியை மறந்துவிட முடியுமா? பழைய பருத்திச் சேலையில் கட்டுங்கள்; நைலான் வேண்டாம். கொக்கியையும் கயிற்றையும் அடிக்கடி இழுத்துப் பாருங்கள். மோவாய் நெஞ்சில் அழுந்தாமல் குழந்தை படுத்திருக்கிறதா என்று கவனியுங்கள். பக்கத்தில் விழித்திருக்க ஆள் உள்ளபோது மட்டும் தூளி, ராத்திரியில் பாய்.

டயப்பர்

ஒன்று 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு ஆறு என்றால் மாதம் 1,800 ரூபாய். பழைய வேட்டியைச் சதுரமாகக் கிழித்து ஓரம் அடித்தால் 25 நாப்கின் வந்துவிடும், செலவில்லாமல்.

"செலவில்லைதான், துவைக்கிறது யாருங்க?" என்றாள் அக்கா மகள். நியாயமான கேள்வி. பிள்ளை பெற்ற உடம்போடு அவளே இத்தனையும் துவைப்பதென்றால், அந்தச் சிக்கனம் எனக்கு வேண்டாம். ஆகவே ஓர் ஏற்பாடு செய்தோம். பகலில் வீட்டில் துணி; அலசுகிற வேலை அக்காவுக்கும் மாப்பிள்ளைக்கும். ராத்திரிக்கு ஒன்று, வெளியே போனால் ஒன்று டயப்பர். மாதம் 400 ரூபாயில் முடிகிறது. மருந்துக் கடைகள் தங்கள் பெயரிலேயே விற்கும் டயப்பர் விலை குறைவு. ஒரு சின்னக் கட்டு வாங்கிப் பாருங்கள். ஒழுகாமல், தோல் சிவக்காமல் இருந்தால் அதுவே போதும். எந்தக் கம்பெனியானாலும் நனைந்ததை மாற்றாவிட்டால் புண் வரத்தான் செய்யும்.

எண்ணெய், சோப்பு, பவுடர்

உடம்புக்குத் தேய்க்க நல்ல தேங்காய் எண்ணெய். காதிலும் மூக்கிலும் ஊற்ற வேண்டாம். மணமும் நிறமும் அதிகமில்லாத குழந்தை சோப்பு ஒன்று. லோஷன், ஷாம்பு எல்லாம் முதல் சில மாதங்களுக்குத் தேவையே இல்லை.

பவுடரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம். அந்தத் தூசி குழந்தையின் மூச்சோடு நுரையீரலுக்குப் போகும் என்பதால் டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள். நம் தலைமுறையில் பவுடர் என்றாலே மனசில் வரும் பெயர் ஜான்சன். அந்த நிறுவனமே டால்க் பவுடரை 2020-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023-ல் உலகம் முழுவதிலும் நிறுத்திவிட்டு, மக்காச்சோள மாவுக்கு மாறிவிட்டது. சோள மாவானாலும் தூசி தூசிதான்.

என் கதை

இப்போது நான் சொல்கிறேன் என்ற கதைக்கு வருகிறேன். 2004-ல் என் மூத்தவன் கைப்பிள்ளை. மூன்றாம் மாதம் ஓயாமல் அழுதான். "பால் பத்தலை" என்று வந்தவர் போனவர் எல்லாரும் சொன்னார்கள். பக்கத்து வீட்டில் பெரிய பெயருள்ள ஒரு பால்மாவு டப்பா வாங்கினார்கள். எனக்கும் அதேதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அவர் ஓவர்டைம் பார்த்து வாங்கித் தந்தார். ஒரு டப்பா ஒரு வாரம்கூட வரவில்லை! இன்னொன்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. விலை குறைந்ததை வாங்கவோ வெட்கம். என்ன செய்தேன் தெரியுமா? நாலு கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு போட்டேன். தண்ணீரைக் கூட்டினேன். பெரிய கம்பெனி ஆயிற்றே, இரண்டு கரண்டியிலேயே சத்து இருக்கும் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

தடுப்பூசி போடப் போன அன்று தராசில் வைத்தார்கள். ஒரு மாதத்தில் நூறு கிராம்கூட ஏறவில்லை. "டப்பாப் பாலுங்களா? எத்தனை கரண்டி போடறீங்க?" என்று நர்ஸம்மா மெதுவாகக் கேட்டார். பொய் சொல்ல முடியவில்லை. அழுதுவிட்டேன். அவர் திட்டவில்லை. டாக்டரிடம் அழைத்துப் போனார். அளவு குறையாமல் பால்மாவு கொடுத்துக்கொண்டே, இரவும் பகலும் எட்டுப் பத்துத் தடவை மார்பில் போடச் சொன்னார்கள். குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஒரு மாதத்தில் டப்பாவை நிறுத்தினோம். பையன் தேறினான். இன்று என்னைவிட ஒரு முழம் உயரம். ஆனாலும் அந்தத் தராசு முள் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

ஆகவே இளம் தாய்மார்களே, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போய், எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று அர்த்தம். அழுகை எல்லாம் பசி அல்ல. பால்மாவுக்கும் பால் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்வதையே 1992-ல் வந்த இந்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. டப்பாவில் குழந்தை படமோ தாயின் படமோ போடக் கூடாது. இந்தப் பொருளில் பெயருக்கு மயங்கக் கூடாது என்று அரசே நினைத்திருக்கிறது, பாருங்கள்!

சிலருக்கு டாக்டரே பால்மாவு எழுதித் தருவார். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் தொடர்ந்து வாங்க முடிகிற விலையில் எது என்று அவரிடமே கேளுங்கள். எல்லா டப்பாவும் ஒரே அரசு விதிக்கு உட்பட்டுத்தான் விற்பனைக்கு வருகிறது. டப்பாவில் போட்டிருக்கும் அளவில் ஒரு கரண்டி குறைப்பதும் தப்பு, கூட்டுவதும் தப்பு. பாட்டிலுக்குப் பதில் பாலாடை இருக்கிறது. எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்குப் பல ஆஸ்பத்திரிகளில் பாலாடையால்தான் புகட்டுகிறார்கள். கொதிக்கும் தண்ணீரில் 10 நிமிஷம் போட்டால் சுத்தம். மிஷின் எதற்கு?

ஆறு மாதத்துக்குப் பிறகு

டப்பா மாவு வாங்கினால் பின்பக்கத்தைப் படியுங்கள். இந்தியாவில் விற்ற செரிலாக்கில் சர்க்கரை சேர்த்திருப்பதையும், ஐரோப்பாவில் அதே கம்பெனி சேர்க்காமல் விற்பதையும் 2024 ஏப்ரலில் பப்ளிக் ஐ என்ற ஸ்விட்சர்லாந்து அமைப்பு வெளியிட்டது. அதே வருஷம் இங்கேயும் சர்க்கரை சேர்க்காத வகைகளைக் கம்பெனி அறிவித்தது. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

வீட்டிலேயே செய்யலாம். கால் கிலோ கேழ்வரகைக் கல் இல்லாமல் கழுவி ராத்திரி ஊற வையுங்கள். ஈரத் துணியில் ஒரு நாள் கட்டி வைத்து முளை விட்டதும் உலர்த்தி, லேசாக வறுத்து அரைத்துச் சலியுங்கள். ஒரு மேஜைக்கரண்டி மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கரண்டியிலிருந்து ஒழுகாத பதத்தில் காய்ச்சி, அரை டீஸ்பூன் நெய் விடுங்கள். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் வேண்டாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஆனால் கேழ்வரகு மட்டும் போதாது. பருப்பு, கீரை, முட்டை என்று ஒவ்வொன்றாகப் பழக்குங்கள். அங்கன்வாடியில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை இலவசமாகச் சத்துமாவு தருகிறார்கள். வாங்கிக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

காசு பார்க்கக் கூடாதது

மலிவு எல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பால் பாட்டில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். விளையாட்டுச் சாமான்களுக்கும் 2021 ஜனவரியிலிருந்து அந்த முத்திரை கட்டாயம். சந்தையில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் சாயம் போகிற கிலுகிலுப்பையைக் குழந்தை வாயில்தானே வைக்கும்! வீட்டில் சும்மா கிடைக்கிறதென்று ஒரு வயதுக்குள் தேன் கொடுக்காதீர்கள். வசம்பை உரசிப் புகட்டாதீர்கள். கண்ணில் மை இடாதீர்கள். இதைக் கேட்டதும் எங்கள் அம்மாவுக்குக் கோபம். "நாங்க வளர்க்கலையா?" என்றார். வசம்பை வளையலாகக் கையில் கட்டிக்கொள்ளட்டும், வாயில் வேண்டாம் என்று சமாதானம் செய்தோம்.

ஒரு நல்ல தெர்மாமீட்டர், காய்ச்சல் வந்தால் ராத்திரியிலும் ஆட்டோ பிடிக்க வீட்டில் கொஞ்சம் ரொக்கம், தாய்க்கு முட்டை, மீன், கீரை, பால் — இவற்றில் சிக்கனம் வேண்டாம். தடுப்பூசி அட்டவணையில் உள்ள ஊசிகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போடுகிறார்கள், ஒன்றையும் தவறவிடாதீர்கள்.

கடைசியில் எங்கள் செலவு 6,000 ரூபாய்க்குள் அடங்கியது. மிச்சத்தில் ஒரு பங்கு அவளுடைய சாப்பாட்டுக்கு, ஒரு பங்கு அவசரத்துக்கு. பிறந்தது பெண் குழந்தை. தபாலாபீசில் செல்வமகள் கணக்கு ஒன்றும் தொடங்கியாயிற்று.

போன வாரம் குழந்தையைப் பார்க்க எதிர்வீட்டுப் பெண் வந்திருந்தாள். அவளுக்கும் ஏழாம் மாதம். சட்டையைத் தொட்டுப் பார்த்து, "எவ்வளவு மெத்துன்னு இருக்குது! எந்தக் கம்பெனிங்க அக்கா?" என்று கேட்டாள்.

அக்கா மகள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "காதர்பேட்டைக் கம்பெனிங்க!"