எறிந்த பந்தும் அழுத்தசக்தியும்

தமிழாசிரியர்க்குப் பந்தெறியும் கணக்கில் என்ன வேலை என வினவுவாரும் உளர். பௌதிகக் கணக்குப் பிழைக்குமிடத்து, பல வேளைகளிற் பிழைத்திருப்பது பெருக்கலன்று. சொல்லின் பொருளை உணர்ந்த முறையே. ஆதலின் சொல்லிலிருந்தே தொடங்குவாம்.

ஒரு பொருள் தான் இருக்கும் நிலையினாற் பெற்றுள்ள சக்தியை ஈழத்துப் பாடநூல்கள் அழுத்தசக்தி என்கின்றன. தமிழகத்து நூல்கள் நிலையாற்றல் என்கின்றன. தமிழகத்தார் அழுத்தம் என்பதை நாம் அமுக்கம் என்போம். இவ்வேறுபாட்டை அறியாத மாணாக்கர், அழுத்தசக்தி என்றதும் எதனையோ அமுக்குவதால் உண்டாவது போலும் என மயங்குவர். றாங்கின் என்னும் ஸ்கொத்லாந்துப் பொறியியலறிஞர் 1853ஆம் ஆண்டில் இதற்கு இட்ட ஆங்கிலப் பெயரோ, ‘ஆகவல்லது’ என்னும் கருத்தினது. வெளிப்படாது அடங்கி நின்று, இடம் வாய்த்தபோது இயக்கமாகவல்ல சக்தி என்பதே பொருள்.

இனிக் கணக்கைக் காண்போம். கிரிக்கெற் பந்தொன்றின் திணிவு ஏறத்தாழ 160 கிராம், அஃதாவது 0.16 கிலோகிராம். புவியீர்ப்பு ஆர்முடுகலை எளிமை கருதி 10 எனக் கொண்டால், பந்தின் நிறை 1.6 நியூற்றன் ஆகும். எனவே, அது ஒவ்வொரு மீற்றர் உயரும்போதும் 1.6 யூல் அழுத்தசக்தியைப் பெறும். திணிவு, ஆர்முடுகல், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்குக என்னும் சூத்திரத்தின் உட்பொருள் இவ்வளவே.

இப்பந்தைச் செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்துடன் நேரே மேல்நோக்கி எறிவோம். திணிவிற் பாதியை வேகத்தின் வர்க்கத்தாற் பெருக்க, கையை விட்டு நீங்கும்போது அதன் இயக்கசக்தி 32 யூல் எனப் பெறப்படும். வளியின் தடையைக் கருதாது விடின், 32ஐ 1.6ஆல் வகுக்க வரும் 20 மீற்றரே பந்து எழும் உயரம். உச்சியில் அது கணப்பொழுது ஓய்ந்து நிற்கையில் 32 யூலும் அழுத்தசக்தியாகி விடுகின்றன. பாதி உயரத்தில் இருவகைச் சக்தியும் 16 யூலாகச் சமப்படும். எனினும் அங்கே வேகம் பாதியாகி விடுவதில்லை. செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீற்றராக இருக்கும்.

உயரம் என்றோம், எங்கிருந்து உயரம்? எறிந்த கை நிலத்திலிருந்து 2 மீற்றர் மேலேயும், அருகிலுள்ள கிணற்றின் அடி நிலத்திலிருந்து 5 மீற்றர் கீழேயும் இருப்பதாகக் கொள்க. உச்சியிலுள்ள பந்தின் அழுத்தசக்தி, கையிலிருந்து அளப்பின் 32 யூல். நிலத்திலிருந்து அளப்பின் 35.2 யூல், கிணற்றடியிலிருந்து அளப்பின் 43.2 யூல். மூன்றும் சரியே. ஆனால் கைக்கும் உச்சிக்கும் இடையிலுள்ள வேறுபாடு எவ்வாறு அளப்பினும் 32 யூலே. பூச்சியத்தை எங்கு வைப்பது என்பது நம் விருப்பம். வைத்த பின் மாற்றுதல் ஆகாது.

மற்றொன்றும் உண்டு. எல்லைக்கோட்டருகே நின்று விக்கெற்றை நோக்கிப் பந்தெறிந்த பழைய மாணவர், அதனை நேரே மேலே எறிந்திரார், சாய்வாகவே எறிந்திருப்பர். அதே வேகத்துடன் கிடையோடு 30 பாகை சாய்வில் எறிந்தால், மேல்நோக்கிய வேகம் 10 மட்டுமே. பந்து 5 மீற்றரே எழும். பெறும் அழுத்தசக்தி 8 யூல். எஞ்சிய 24 யூல், உச்சியிலும் முன்னோக்கி ஓடும் இயக்கமாகவே இருக்கும். ‘உச்சியில் வேகம் இல்லை’ என்று மனனம் செய்தவர் 32 யூலையும் அழுத்தசக்தி என எழுதி இடர்ப்படுவது இவ்விடத்திலேதான்.

தாய்மொழியில் விஞ்ஞானம் பயில்வோர்க்குக் கலைச்சொல் சுமையாதல் கூடாது, கைவிளக்காதல் வேண்டும். ஆதலின் மாணாக்கர், பூச்சியம் எங்கே என்பதையும், உச்சியில் வேகம் எஞ்சுமோ என்பதையும் முதலில் எழுதிக்கொள்க. சூத்திரம் அதன் பின்னர் வரட்டும்.