செல்போனில் பார்க்கும் விவசாயம்: வயலில் இறக்குமுன் யோசிக்க வேண்டியவை

1960-களில் தஞ்சை மாவட்டத்தில் ஏ.டி.டி. 27 நெல் ரகத்துக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர். திருச்சி வானொலி அதன் சாகுபடி முறையை ஒலிபரப்பி ஊர் ஊராகப் பரப்பியதே காரணம். 1975-ல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்த பிறகு 'வயலும் வாழ்வும்' அந்தப் பணியைச் செய்தது. 2016-க்குப் பின் இணையக் கட்டணம் வெகுவாகக் குறைந்ததால், இன்று பல விவசாயிகள் முதலில் பார்ப்பது யூ டியூப்.

இதனால் நன்மை உண்டு. நடவு இயந்திரத்தை ஓட்டும் விதம், சொட்டுநீர்க் குழாயைச் சுத்தம் செய்யும் விதம் போன்றவற்றைப் பத்துப் பக்கம் படிப்பதைவிட ஒருமுறை பார்ப்பதே மேல். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. வானொலியில் சொல்லப்பட்ட ரகம் ஆராய்ச்சி நிலையத்தில் சோதிக்கப்பட்டது. யூ டியூபில் எவரும், எதையும், எந்தச் சோதனையும் இன்றிச் சொல்லலாம்.

படம் எடுப்பவருக்கு வருமானம் எது?

படத்தின் இடையே வரும் விளம்பர வருவாயில் நீண்ட வீடியோக்களுக்கு 55 சதவீதமும், 'ஷார்ட்ஸ்' எனும் குறும்படங்களுக்கென ஒதுக்கப்படும் தொகையில் 45 சதவீதமும் படம் எடுத்தவருக்குச் சேரும். இதற்கு 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என 2018-ல் விதி வந்தது. ஒருவர் சராசரியாக 4 நிமிடம் பார்த்தால், 60,000 முறை பார்க்கப்பட்டால்தான் இந்த அளவு எட்டும். குறும்படம் வழியாகத் தகுதி பெற 90 நாளில் 1 கோடி பார்வை தேவை.

ஆகவே பார்வை கூடினால் அவருக்குப் பணம். விளைச்சல் கூடினால்தான் விவசாயிக்குப் பணம். 'ஏக்கருக்கு 10 லட்சம்' போன்ற தலைப்புகள் பிறப்பது இங்கேதான். கணினிக் குரலில் மொத்தமாகத் தயாரிக்கப்படும் படங்களும் பெருகியதால், அத்தகையவற்றுக்கு வருவாய் இல்லை என்ற விதியை 2025 ஜூலையில் யூ டியூப் தெளிவுபடுத்தியது.

ஒரு குத்தைக் கண்டு மயங்க வேண்டாம்

'ஒரே குத்தில் 80 தூர்' என்று காட்டப்படும் பயிர் பெரும்பாலும் வரப்போரத்தில் நிற்பதாக இருக்கும். ஓரப் பயிருக்கு வெயிலும் காற்றும் உரமும் கூடுதலாகக் கிடைப்பதால் தூர் அதிகம் கட்டும். வயலின் நடுவே 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் அளந்து அறுத்து எடை போடுவதே சரியான கணக்கு. அதில் 15 கிலோ கிடைத்தால் ஏக்கருக்குச் சுமார் 2,400 கிலோ. இந்தக் கணக்கும் சாகுபடிச் செலவும் சொல்லாத படத்தை நம்பி ரகத்தை மாற்றுவது விவேகமன்று.

உப்புக் கரைசல்

கல் உப்பு, சுண்ணாம்பு, கோமியம் கலந்த களைக்கொல்லிப் படங்கள் பல உண்டு. தெளித்ததும் களை கருகுவது உண்மை. ஆனால் மண்ணுக்கடியில் உள்ள கோரைக் கிழங்கு சாவதில்லை, மீண்டும் முளைக்கும். படத்தில் அந்தக் காட்சி வராது. ஒருமுறை தெளித்ததால் நிலம் கெட்டுவிடாது. ஆனால் வடிகால் இல்லாத நிலத்தில், உவர் நீர் பாய்ச்சும் தோட்டத்தில் அடிக்கடி தெளித்தால் உப்பு தங்கி மண் இறுகும். அதைச் சீர்திருத்தும் செலவு களையெடுக்கும் கூலியைவிட அதிகம்.

மருந்துச் சிபாரிசுகளில் படம் வெளியான தேதியைப் பார்க்க வேண்டும். மருந்து தடை செய்யப்பட்ட பின்னும் பழைய படம் அப்படியே இருக்கும். அளவுக்குப் புட்டியின் மேலுள்ள சீட்டே ஆதாரம்.

முன்பணம் கேட்டால்

கன்று, குஞ்சு, விதை வாங்கினால் விளைபொருளைத் திரும்ப வாங்கிக்கொள்வோம் என்ற வாக்குறுதி புதிதல்ல. 2012-ல் ஈரோடு மாவட்டத்தில் வெளிப்பட்ட ஈமு கோழி மோசடியில் பலர் சேமிப்பை இழந்தனர். பணம் பெற்றுப் பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தெரிவிக்காதவரும் உண்டு. விற்பவரின் தொலைபேசி எண் படத்தில் இருந்தால் அதை விளம்பரமாகவே கொள்ள வேண்டும்.

ஐந்து சென்ட் போதும்

புதிய முறை எதுவாயினும் முதலில் 5 சென்டில் செய்து பார்க்கலாம். பக்கத்திலேயே வழக்கமான முறையில் இன்னொரு 5 சென்ட் இருக்கட்டும். இரண்டின் செலவையும் விளைச்சலையும் நோட்டில் குறித்து ஒப்பிடலாம். தவறினாலும் நட்டம் அந்த 5 சென்டோடு நிற்கும். இரண்டு ஏக்கர்க்காரர் ஒரு போகத்தை முழுவதும் பணயம் வைத்தால் அடுத்த போகத்துக்குக் கடன்தான் மிஞ்சும். ஐயம் இருப்பின் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். கிசான் கால் சென்டரின் 1800-180-1551 எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே கேட்கலாம்.

தாமே படம் எடுக்க விரும்புவோர்

புதுக்கோட்டை மாவட்ட விவசாயக் குடும்பத்தினர் 2018-ல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021-ல் ஒரு கோடி சந்தாதாரரைப் பெற்றது. அத்தகைய வெற்றி மிகச் சிலருக்கே வாய்க்கும். விளம்பரப் பணத்தை எதிர்பார்த்து வயலை விட்டுவிடலாகாது. தம் நிலத்து நெல்லையோ, காயையோ, நாற்றையோ நேரடியாக விற்க வாடிக்கையாளரைத் தேடும் வழியாகக் கொண்டால் பலன் உண்டு. படம் எடுப்பவர் மண் வகை, பருவம், ரகம், செலவு, விளைச்சல் ஆகியவற்றை உள்ளபடி சொல்லட்டும். பொய்த்த பயிரையும் காட்டட்டும். பக்கத்து ஊர் விவசாயிக்கு அது பெரிய உதவியாகும்.