ரத்தம் ஏறினால் போதுமா? இருப்பும் நிரம்ப வேண்டும்!

தேஹு ரோடு, லோகல் ரயிலைப் பிடிக்க ஓடினால் மூச்சு வாங்குகிறது. மாலையில் கால் கடுக்கிறது. தமிழர் வீடுகளில் இதை "வேலை அலுப்பு" என்று தள்ளிவிடுகிறார்கள். சத்துக் குறைவாகவும் இருக்கலாம்.

2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாடு, மராட்டியம் இரண்டிலும் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்த சோகை காணப்பட்டது.

சேமிப்புக் கணக்கு

உடலில் இரும்புச் சத்தைச் சேமித்து வைப்பது பெரிட்டின். வரவு குறைந்தால் முதலில் கரைவது இந்தச் சேமிப்பு. ஹீமோகுளோபின் பிறகுதான் இறங்கும். மாத்திரை சாப்பிட்டால் ரத்தம் முதலில் தேறும். சேமிப்பு கடைசியில்தான் நிரம்பும். அதனால்தான் ரத்தம் சரியான பிறகும் சுமார் 3 மாதம் மாத்திரையைத் தொடரும்படி டாக்டர்கள் சொல்கிறார்கள். அசதி தீர்ந்ததும் நிறுத்தினால், பழைய கதைதான்.

டீ தள்ளி நிற்கட்டும்

மாத்திரையோடும் சாப்பாட்டோடும் டீ, காபி கூடாது. இரும்புச் சத்து உடலில் சேராது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கலாம். முருங்கைக் கீரை, கொள்ளு, இவ்வூர்க் கம்பு பாக்ரி இவற்றுடன் எலுமிச்சை சேர்ந்தால் பலன் கூடும்.

வெயில் மருந்து

வைட்டமின் டி உணவில் சொற்பமே, வெயில்தான் தரும். குடோனிலும் ஆபீசிலும் அடைந்திருப்போர் மதிய இடைவேளையில் சிறிது நேரம் வெயிலில் நடக்கலாம். டாக்டர் வாரம் ஒன்று என எழுதும் 60,000 யூனிட் மருந்தைத் தினமும் சாப்பிடுவது ஆபத்து, சிறுநீரகம் கெடும்.

ஆண்களுக்கு ரத்தம் குறைந்தால் மூலம், குடல் புண் காரணமாகலாம். மாத்திரையோடு நிற்காமல் டாக்டரிடம் காட்டுவதே நல்லது.