பேருக்குக் கீழே என்ன போடுறது? ஃபைனல் இயர் மாணவருக்கு ஒரு விசிட்டிங் கார்டு

போன மாசம் அக்கா பையன் போன் பண்ணினான். கோயம்புத்தூர்ல மெக்கானிக்கல் ஃபைனல் இயர். கொடிசியா அரங்கத்துல ஒரு இயந்திரக் கண்காட்சிக்குப் போகப் போறானாம். "மாமா, உள்ள நுழையறப்பவே விசிட்டிங் கார்டு கேப்பாங்களாம். ஒண்ணு அடிக்கலாம்னு உக்காந்தேன். பேரு போட்டுட்டேன். பேருக்குக் கீழ என்னங்க மாமா போடறது?"

கேள்வி சின்னதுதான். ஆனால் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே வராது. கம்பெனி பேர், பதவி, லோகோ எல்லாம் ரெடியாக இருக்கும். நம் பேர் மட்டும் மாறும். படிப்பு முடியப் போகிறவனுக்குக் கம்பெனி கிடையாது, பதவி கிடையாது, டிகிரியும் இன்னும் கையில் கிடையாது. அந்த இரண்டாவது வரியை அவனேதான் யோசித்து எழுத வேண்டும். எழுத்துரு, நிறம், காகிதம் எல்லாம் அதற்கு அப்புறம் வரும் சமாச்சாரம்.

நான் சில வருஷம் கண்காட்சி ஸ்டாலுக்கு உள்பக்கம் நின்றிருக்கிறேன். அங்கே கார்டுக்கு என்ன நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வருகிறவர் நீட்டுவார், வாங்கி என்கொயரி ஃபாரத்தோடு ஸ்டேப்ளர் அடிப்போம், இல்லையென்றால் ஒரு டப்பாவில் போடுவோம். மூன்று நாள் முடிந்து, நான்காம் நாள் ஆபீஸில் டப்பாவைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அந்த நேரத்தில் முகம் ஞாபகம் இருக்காது. கார்டு மட்டும்தான் பேசும். "இவர் யாரு, எதுக்குக் கூப்பிடணும்?" இதற்கு ஐந்து விநாடியில் பதில் இல்லாத கார்டு ரப்பர் பேண்டுக்குள் போய்விடும். திரும்ப வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

மாணவர்கள் அந்த வரியில் போடுவது பெரும்பாலும் மூன்று வகை. முதல் வகை, "மெக்கானிக்கல் இன்ஜினியர்". இந்தியாவில் இந்தச் சொல்லைப் பொதுவாக யார் போட்டாலும் சட்டம் வந்து கேட்காது. (கனடா, ஜெர்மனி போகிற எண்ணம் இருப்பவர்கள் கவனிக்க: அங்கே மாகாண, மாநிலச் சட்டங்கள் அந்தப் பட்டத்தைப் பாதுகாக்கின்றன. நம்மூர்ப் பழக்கத்தில் அங்கே போட்டுவிடக் கூடாது. இந்தியாவிலும் 'சார்ட்டர்ட் இன்ஜினியர்' என்பது வேறு விஷயம். அதை இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் போன்ற அமைப்புதான் தர வேண்டும்.) சட்டம் கேட்காவிட்டாலும் ஸ்டால்காரர் கேட்பார். "எந்தக் கம்பெனி தம்பி?" என்ற முதல் கேள்வியிலேயே கார்டும் ஆளும் இரண்டு கதை சொல்ல ஆரம்பித்துவிடும். பேருக்குப் பின்னால் 'பி.இ.' போடுவதும் இதே கணக்குதான். கடைசி செமஸ்டர் ரிசல்ட் வராமல், அரியர் நிலவரம் தெரியாமல் அதைப் போடுவது அவசரம்.

இரண்டாவது வகை, 'ஃபவுண்டர் அண்ட் சிஇஓ'. ரூம்மேட் இருவரும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பும் சேர்ந்தது கம்பெனி ஆகாது. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது வகைதான் அதிகம்: வெறும் 'ஸ்டூடன்ட்', கீழே பெரிதாகக் காலேஜ் லோகோ. பொய் இல்லை. ஆனால் இந்த வரியைப் படித்து யாரும் எதற்காகவும் கூப்பிட முடியாது. லோகோ வேறு காலேஜுக்குச் சொந்தம்; அனுமதி வாங்காமல் போடுவது சரியில்லை. போட்டால் காலேஜ் சார்பில் வந்தவர் மாதிரி ஒரு தோற்றமும் வரும்.

அக்கா பையனிடம் நான் கேட்டது இதுதான்: "இந்த நாலு வருஷத்துல நீயே கையால செஞ்ச ஒரு வேலை சொல்லு." கொஞ்சம் இழுத்தான். அப்புறம் சொன்னான், சின்ன ஒர்க்‌ஷாப் ஒன்றில் கிரைண்டர் பாகத்துக்கு ட்ரில் ஜிக் டிசைன் பண்ணிக் கொடுத்திருக்கிறான். இரண்டு தடவை தப்பாகி மூன்றாவது தடவை சரியாக வந்ததாம். அப்போது வரி கிடைத்துவிட்டது: 'ஜிக் & ஃபிக்ஸ்சர் டிசைன்'. அதற்கடியில் சின்னதாக 'மெக்கானிக்கல், இறுதியாண்டு'. முதல் வரி எதற்குக் கூப்பிடலாம் என்று சொல்கிறது, இரண்டாவது எந்த இடத்தில் நிற்கிறான் என்று. இரண்டிலும் பொய் இல்லை. கேட்டால் பத்து நிமிஷம் பேசவும் அவனிடம் விஷயம் இருக்கிறது.

அவன் முதலில் அனுப்பிய டிசைனில் சாலிட்வொர்க்ஸ், ஆட்டோகேட், அன்சிஸ், மேட்லாப், பைதான் என்று ஒரு பட்டியலும் இருந்தது. அதெல்லாம் ரெஸ்யூமேக்கு. கார்டில் பத்து இருந்தால் படிப்பவர் மனதில் ஒன்றும் நிற்காது.

பேர் விஷயத்தில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு, இனிஷியல். சர்டிபிகேட்டில் 'எஸ்' முன்னால், லிங்க்டுஇன்னில் அப்பா பேர் முழுசாகப் பின்னால், மெயிலில் செல்லப் பேர் என்று ஒரே ஆள் மூன்று வடிவத்தில் இருப்பார். கார்டைப் பார்த்துத் தேடுகிறவருக்கு அதே பேரில் நூறு பேர் வருவார்கள். சர்டிபிகேட்டில் எப்படியோ அப்படியே எல்லா இடத்திலும் வைத்துக்கொள்வது நல்லது. லிங்க்டுஇன் முகவரியில் தானாக வரும் எண்வாலை வெட்டிவிட்டு நமக்கு வேண்டிய மாதிரி மாற்றிக்கொள்ள வசதி இருக்கிறது. அதை முதலில் செய்துவிட்டு அப்புறம் அச்சுக்குப் போகவும்.

மெயில் விலாசத்தில் நான் பட்ட அனுபவம் ஒன்று. என் காலத்தில் பெருமையாகக் காலேஜ் மெயிலைப் போட்டு ஆயிரம் கார்டு அடித்தேன். படிப்பு முடிந்து சில மாதத்தில் அந்தக் கணக்கை மூடிவிட்டார்கள். தொள்ளாயிரத்துச் சொச்சம் கார்டு ரொம்ப நாள் வீட்டில் மளிகை லிஸ்ட் எழுதப் பயன்பட்டது.

ஏன் ஆயிரம் அடித்தேன்? அதற்குக் காரணம் இருக்கிறது. சிவகாசி பாணி மல்டிகலர் கார்டுகளைத் தனித்தனியாக ஓட்டுவதில்லை. ஒரு பெரிய ஷீட்டில் பலருடைய கார்டுகளைப் பக்கம் பக்கமாக அடுக்கி, ஒரே ஓட்டத்தில் ஆஃப்செட்டில் அடித்து, லேமினேட் பண்ணி, வெட்டிப் பிரிப்பார்கள். ப்ளேட் செலவு எல்லார் தலையிலும் பகிர்ந்து விழுவதால் மலிவு. ஆனால் எல்லாருக்கும் ஒரே காகிதம், ஒரே எண்ணிக்கை. பக்கத்துக் கார்டில் அடர் சிவப்பு ஓடினால் அதே வரிசையில் இருக்கும் நம் கார்டின் நிறமும் லேசாக அந்தப் பக்கம் சாயலாம். வேலை கிடைத்ததும் பதவி மாறும், ஊர் மாறும் என்கிற நிலையில் இருப்பவருக்கு ஆயிரம் எதற்கு? டிஜிட்டல் பிரஸ்ஸில் நூறு அடித்தால் போதும். ஒரு கார்டுக்கு விலை கூடுதல்தான்; மொத்தச் செலவு குறைவு. ஆறு மாதம் கழித்து வரியை மாற்றி இன்னொரு நூறு அடித்துக்கொள்ளலாம்.

அளவு பற்றி. நம் ஏடிஎம் கார்டு, பிளாஸ்டிக் பான் கார்டு எல்லாம் ஐஎஸ்ஓ 7810 தரத்தில் வருபவை: 85.60 x 53.98 மில்லிமீட்டர். பர்ஸில் உள்ள பொந்து அதற்குத் தைத்தது. அமெரிக்க அளவு 3.5 x 2 அங்குலம், அதாவது 88.9 x 50.8 மி.மீ. ஜப்பானில் 91 x 55. நம்மூரில் பிரஸ்ஸுக்குப் பிரஸ் கொஞ்சம் மாறும். அதனால் டிசைனை ஆரம்பிக்கும் முன்னாலேயே அவர்களிடம் டெம்ப்ளேட் வாங்கிக்கொள்ளவும். பின்னணி நிறம் ஓரம் வரை போகிறதென்றால் வெட்டும் கோட்டுக்கு வெளியே சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக விட வேண்டும், எழுத்து கோட்டுக்கு உள்ளே குறைந்தது அதே அளவு தள்ளி நிற்க வேண்டும். ஓரத்தை ஒட்டி மெல்லிய பார்டர் வேண்டவே வேண்டாம். கத்தி அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் ஒல்லி என்று கண்ணை உறுத்தும்.

காகிதம் 300 ஜிஎஸ்எம் போதும். (ஜெராக்ஸ் பேப்பர் 75, 80 ஜிஎஸ்எம்.) முன்பக்கம் என்ன லேமினேஷன் வேண்டுமானாலும் பண்ணுங்கள், பின்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். வழுவழு லேமினேஷன் மேல் பால்பாயின்ட் பேனா எழுதாது. வாங்குகிறவர் பின்பக்கம் 'ஜிக், அடுத்த வாரம் பேசணும்' என்று கிறுக்கி வைத்துக்கொண்டால் அந்தக் கார்டு பிழைத்தது.

எழுத்தளவு 8 பாயின்டுக்குக் கீழே போக வேண்டாம். உங்களைக் கூப்பிட வேண்டிய பர்ச்சேஸ் மேனேஜருக்கு ஐம்பது வயதிருக்கலாம், கண்ணாடி மேஜையில் இருக்கலாம். தமிழில் பேர் போட்டால் 9க்கு மேல் வையுங்கள்; கொம்பும் சுழியும் மேலும் கீழும் இடம் கேட்கும். தமிழ் எழுத்தில் இன்னொரு கண்ணி: நம் யூனிகோடு ஃபைலை பிரஸ்காரர் பழைய கோரல்ட்ராவில் திறந்தால் 'கொ' மூன்று துண்டாகச் சிதறும் வாய்ப்புண்டு. எழுத்துகளை கர்வாக மாற்றி, பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தால் தப்பிக்கலாம். கறுப்பு எழுத்தைக் கறுப்பு மை ஒன்றில் மட்டும் வையுங்கள். நான்கு மையும் கலந்த கறுப்பாக இருந்தால் நான்கு ப்ளேட்டும் இம்மி பிசகாமல் உட்கார வேண்டும், பிசகினால் எழுத்தோரத்தில் கலர் நிழல். போன் திரையில் பளீரென்று தெரியும் நீலமும் பச்சையும் அச்சில் மங்கும் என்பதையும் இப்போதே ஏற்றுக்கொண்டுவிடலாம்.

இப்போது எல்லாரும் க்யூஆர் கோடு கேட்கிறார்கள். அக்கா பையனும் போட்டிருந்தான். பேர், போன், மெயில், முகவரி எல்லாவற்றையும் அதற்குள்ளேயே திணித்து. ஸ்கேன் பண்ணினால் பாதி நேரம் படிக்கவில்லை. காரணம் வெறும் கணக்கு. க்யூஆர் கோடின் சின்ன வடிவம் 21 x 21 கட்டம். விஷயம் கூடக் கூட பக்கத்துக்கு நான்கு கட்டமாக வளரும். இருநூறு எழுத்துக்குக் கிட்ட திணித்தால் நடுத்தரப் பிழை தாங்கும் நிலையில் 57 x 57 வரை போய்விடும். சுற்றி நான்கு கட்டம் வெற்றிடம் விடணும் என்பது விதி, ஆக 65. அவன் ஒதுக்கிய இடம் 18 மி.மீ. ஒரு கட்டம் 0.28 மி.மீ. மங்கலான ஹாலில், ஆடும் கையில், அது கஷ்டம். அதே இடத்தில் 26 எழுத்துக்குள் ஒரு குட்டி இணைய முகவரி மட்டும் வைத்தால் 25 x 25 போதும். வெற்றிடத்தோடு 33. ஒரு கட்டம் 0.55 மி.மீ., கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த முகவரியில் ஜிக்கின் போட்டோ, டிராயிங், இரண்டு தடவை தப்பானது எங்கே என்று ஒரு பத்தி. அவ்வளவு போதும்.

இலவசமாக 'டைனமிக் க்யூஆர்' தரும் தளங்களிடம் ஜாக்கிரதை. கோடு அவர்கள் தளத்துக்குப் போய் அங்கிருந்துதான் நம் பக்கத்துக்குத் திரும்பும். அவர்கள் சேவையை நிறுத்தினால், காசு கேட்டால், கையிலிருக்கும் கார்டு முழுக்கச் செத்துவிடும்.

ஈசிஇ பசங்களுக்கு ஒரு ஆசை உண்டு, பிசிபியிலேயே கார்டு. 2019ல் அமெரிக்கப் பொறியாளர் ஒருவர் லினக்ஸே ஓடுகிற கார்டு செய்து காட்டிய பிறகு இந்த ஆசை இன்னும் பரவிவிட்டது. தப்பில்லை, அதுவே செய்த வேலைக்குச் சாட்சி. ஆனால் சாதாரண பிசிபி 1.6 மி.மீ. தடிமன், பத்து கார்டு வைத்தால் சட்டைப்பை கிழியும். 0.8 மி.மீ. கேட்டு வாங்கலாம். எல்லாருக்கும் நீட்ட நூறு காகிதக் கார்டு, உண்மையிலேயே உட்கார்ந்து பேசியவருக்கு ஒரு பிசிபி என்று வைத்துக்கொண்டால் செலவும் தாங்கும்.

அலங்காரத்துக்குத் துறைச் சின்னம் போடுகிறவர்கள் அதைச் சரிபார்த்துவிட்டுப் போடவும். அக்கா பையன் கார்டு மூலையில் மூன்று பல்சக்கரங்கள், முக்கோணமாக ஒன்றையொன்று கடித்துக்கொண்டு. எங்கிருந்தோ டவுன்லோட் பண்ணியது. "இது சுத்துமாடா?" என்றேன். விரலைச் சுழற்றிப் பார்த்தான். முதலாவது வலம், இரண்டாவது இடம், மூன்றாவது வலம் சுற்ற வேண்டும். ஆனால் அது முதலாவதையும் தொட்டுக்கொண்டிருக்கிறது. இறுகி நின்றுவிடும். கியர் பாக்ஸ் விற்கிற ஸ்டாலில் இதை நீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! இன்னொரு கார்டில் எம்6 போல்ட் படம் போட்டு பிட்ச் 1.5 என்று எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். எம்6க்கு வழக்கமான பிட்ச் 1, 1.5 என்பது எம்10க்கு. பார்த்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே டப்பாவில் போட்டார்கள்.

சக்கரத்தை எடுத்தோம். வேறு எதுவும் வைக்கவில்லை. பேர், அந்த இரண்டு வரி, போன் நம்பர் +91 போட்டு ஐந்தைந்தாகப் பிரித்து, ஒரு மெயில், மூலையில் க்யூஆர். பிரஸ்ஸில் இருந்த அண்ணன் ஃபைலைப் பார்த்துவிட்டு, "தம்பி, இவ்வளவு இடம் சும்மா கிடக்குதே, ஒரு லோகோ போட்டுத் தரட்டுங்களா?" என்று இரண்டு தரம் கேட்டாராம்.

நூறில் முப்பத்தி நாலு செலவாகியிருக்கிறது. பதிலுக்கு வாங்கி வந்த கார்டுகளை ராத்திரி அனுப்பினான், போட்டோ எடுத்து. ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சிலில் எழுதியிருந்தான்: யார், என்ன மெஷின், என்ன கேட்டார். ஒன்றில் மட்டும், "நம்ம ஜிக் டிராயிங் பாத்தார், லொக்கேட்டிங் பின் ஒண்ணு அதிகம்னார், சரிதான்" என்று இருந்தது.