காசின் கதை – 14: பளபளப்பும் களிம்பும்

சென்ற வாரம் ஒல்லாந்தர் காலத்துத் துட்டுகளோடு நிறுத்தியிருந்தோம். அவை கைமாறிக் கைமாறித் தேய்ந்த காசுகள். இந்த வாரம் பேசப்போவது ஒரு கடைப்படியும் ஏறாத காசைப் பற்றி. சேகரிப்பவருக்கும் பரிசு கொடுப்பதற்கும் என்றே அடிக்கப்படும் இந்த வகைக்குப் பெயர் ‘புரூஃப்’.

செய்முறை எளிது, வேலைதான் அதிகம். தேர்ந்தெடுத்த உலோக வில்லையையும் அச்சையும் முகம் தெரியுமளவுக்கு மினுக்குவார்கள். பிறகு ஒன்றுக்கு இரண்டு தடவை அழுத்தி அடிப்பார்கள். சாதாரணக் காசு இயந்திரத்திலிருந்து கொட்டும். இதை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து வைப்பார்கள்.

இவற்றில் அமெரிக்கக் காசுகளுக்குத்தான் சேகரிப்பாளர் மத்தியில் மவுசு அதிகம். ஆசிய நாடுகளோடு வணிக உடன்படிக்கை செய்யப் புறப்பட்ட தூதர் எட்மண்ட் ரொபேட்ஸ் கையில் கொடுப்பதற்காக, பிலடெல்பியா நாணயச்சாலை 1834 இல் புரூஃப் தொகுதிகளை அடித்தது. ஒன்று மஸ்கற் சுல்தானுக்கும் மற்றொன்று சியாம் அரசருக்கும் போய்ச் சேர்ந்தன. அந்தத் தொகுதியில் இருந்த டொலரில் 1804 என்ற ஆண்டைப் பொறித்திருந்தார்கள். 1804 இல் அடித்த டொலர்களோ பழைய ஆண்டு அச்சில் அடித்தவை. ஆக, அந்த ஆண்டைத் தாங்கிய டொலர் அந்த ஆண்டில் பிறக்கவேயில்லை. பின்னர் அடித்த பிரதிகளையும் சேர்த்து இன்று அறியப்பட்டவை மிகச் சிலவே. அவற்றில் ஒன்று 1999 இல் 41 லட்சம் டொலருக்கு மேல் ஏலம் போனது.

1858 முதல் பொதுமக்களுக்கும் புரூஃப் காசுகளைப் பரவலாக விற்றார்கள். இடையிடையே நின்று, 1936 இலிருந்து 1942 வரையும், மீண்டும் 1950 இலிருந்தும் தொகுதிகள் வந்தன. 1950 இல் ஒரு தொகுதியின் விலை 2 டொலர் 10 சதம். உள்ளே இருந்த காசின் முகப்பெறுமதி 91 சதம். 1965 முதல் மூன்று ஆண்டு நிறுத்தி, 1968 இல் சன் பிரான்சிஸ்கோவில் திரும்பத் தொடங்கினார்கள்.

ஐம்பதுகளின் பிராங்க்ளின் அரை டொலரை எடுத்துக்கொள்ளுங்கள். புது அச்சை அமிலத்தில் தோய்த்தெடுத்து, சமதளத்தை மட்டும் மினுக்குவார்கள். அதனால் முதலில் அடிபடும் சில காசுகளில் தலை உருவம் மங்கிய வெண்மையாகவும் பின்புலம் கருமையான கண்ணாடியாகவும் நிற்கும். அச்சு அடிபட அடிபட அந்த வெண்மை போய்விடும். வெண்மை உள்ளதற்கும் இல்லாததற்கும் ஒரே ஆண்டு, ஒரே வெள்ளி, ஒரே எடைதான். விலையில் மட்டும் பல மடங்கு வித்தியாசம். கடல் கடந்து வாங்குபவருக்கு அதை அறிய இருக்கும் ஒரே சாட்சி படம்.

சாட்சியைப் பேச வைப்பது விளக்கு. குளத்துத் தண்ணீர் வானத்தைக் காட்டுவதுபோல, புரூஃப் காசின் சமதளம் தனக்கு மேலே இருப்பதைத்தான் காட்டும். கமராவை நேர்மேலே நிறுத்தி, விளக்குகளைப் பக்கவாட்டில் வைத்தால், சமதளத்தில் கமராவின் கருமை விழும்; உருவம் ஒளியைச் சிதறடித்து வெள்ளையாகத் தெரியும். கமராவுக்கும் காசுக்கும் நடுவே ஒரு சுத்தமான கண்ணாடித் துண்டை 45 பாகையில் சாய்த்து, பக்கத்திலிருந்து வரும் ஒளியைக் காசின் மேல் திருப்பினால், எல்லாம் தலைகீழ். சமதளம் ஒளிரும், மேற்பரப்பின் நிறமாற்றங்கள் தெரியும். விளக்கை நகர்த்தியே இல்லாத வெண்மையை இருப்பதாகக் காட்டிவிடவும் முடியும். ஆகவே ஒரே ஒரு படத்தை நம்பி வாங்காதீர்கள். வேறு ஒளியில் எடுத்த இன்னொரு படம் கேளுங்கள்.

வெளிநாட்டு உறவினர் அனுப்பிய தொகுதி வீட்டில் இருந்தால், காசுகளை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். துணியால் துடைத்தால் மயிரிழைக் கீறல்கள் விழும். அவை ஒருநாளும் மாறா. 1950களின் முதற்பாதித் தொகுதிகள் மெல்லிய செலோபேன் உறைகளில், கம்பித் தைப்பு அடித்து வந்தவை. எங்கள் மாரிகால ஈரத்துக்கு அந்தக் கம்பி துருப்பிடிக்கும். மலிவான பிவிசி உறைகளும் நாளடைவில் காசின் மேல் பச்சைப் பிசுக்கை விடும். இலங்கைக்கும் இப்படி ஒரு தொகுதி உண்டு: 1971 இல் பிரித்தானிய அரச நாணயச்சாலை ஒரு சதத்திலிருந்து ஒரு ரூபாய் வரை ஏழு காசுகளைப் புரூஃபாக அடித்தது.

இனி வன்னி மண்ணுக்கு வருவோம். இங்கே நிலத்திலிருந்து வருபவை இதற்கு நேர்மாறானவை. பளபளப்பு என்பதே கிடையாது, களிம்பேறிய செம்பு. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் பூநகரியில் செய்த கள ஆய்வு 1993 இல் ‘பூநகரி தொல்பொருளாய்வு’ என்ற நூலாக வந்தது. இலங்கைத் தமிழ் மன்னர்களின் பழங்காசுகளைப் பற்றியும் அவர் தனிநூல் எழுதியிருக்கிறார். அந்தக் காசுகளில் பேர்பெற்றது நல்லூரிலிருந்து ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் சேதுக் காசு. ஒரு பக்கம் நிற்கும் அரசன். மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, கீழே ‘சேது’ என்ற தமிழ் எழுத்து. நிற்கும் அரசன் என்ற அமைப்பு, ஈழத்தில் ஏராளமாகப் புழங்கிய இராசராசன் செப்புக்காசிலும் உண்டு.

இந்தக் காசைப் படமெடுக்க கண்ணாடித் துண்டு தேவையில்லை. ஒரே ஒரு மின்சூள், மேசையோடு மேசையாகத் தாழ்த்தி, படத்தின் இடப்பக்க மேல்மூலையிலிருந்து. தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்ததும் எழும்பி நிற்கும். காசைத் திருப்பித் திருப்பி நாலு படம் எடுங்கள். கைத்தொலைபேசியைக் காசோடு ஒட்டாமல், சற்று உயர்த்திப் பிடித்து உருப்பெருக்குங்கள். இல்லையேல் அதன் நிழலே காசை மூடிவிடும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள்.

புளி போட்டு மினுக்க மட்டும் வேண்டாம். குத்துவிளக்குக்கு அது சரி. காசில் களிம்போடு எழுத்தும் போய்விடும். புரூஃபுக்குப் பளபளப்புத்தான் பெறுமதி. மண்ணில் கிடைத்த காசுக்குப் பெறுமதி அது கிடைத்த இடம். எந்தக் குளக்கட்டு, எந்தக் காணி, எவ்வளவு ஆழம், பக்கத்தில் ஓடு கிடந்ததா, மணி கிடந்ததா என்பது தெரியாவிட்டால் சேதுக் காசும் கொஞ்சச் செம்புதான். புதையல் தேடி இரவில் தோண்டுபவர்கள் அழிப்பதும் அந்த விவரத்தைத்தான்.

சட்டமும் இங்கே இரண்டாகப் பிரிகிறது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முந்திய பொருள் தொல்பொருள். நிலத்தடியில் கிடைப்பது அரசுக்குச் சொந்தம். கண்டெடுத்தவர் அறிவிக்க வேண்டும். அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. விக்டோரியா கால ஒரு சதமோ பிராங்க்ளின் அரை டொலரோ இந்தச் சட்டத்துக்குள் வராது. அவற்றைத் தாராளமாகச் சேர்க்கலாம்.

போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த சனங்கள் லாச்சிக்குள் இருந்த பழங்காசை எடுத்துப்போக நினைத்திருக்க மாட்டார்கள். போனவற்றுக்கு இனிச் சாட்சி இல்லை. மிஞ்சியிருப்பதற்காவது ஒரு சாட்சி வேண்டும். காணி கொத்தும்போது ஒரு காசு கிளம்பினால், கழுவாதீர்கள். கிடந்த இடத்திலேயே முதல் படம், இருபக்கமும் அடுத்த படங்கள், திகதியும் இடமும் ஒரு தாளில். பிறகு அரசாங்க அதிபரிடமோ தொல்லியல் திணைக்களத்திடமோ சொல்லிவிடுங்கள். காசு அரசிடம் போகும். உங்கள் ஊரின் பெயர் அதனோடு சேர்ந்து போகட்டும்.

(அடுத்த வாரம்: பனங்கட்டி விற்ற சதங்கள்)