தொழிலும் தன்னுயிர் மாய்ப்பும்

தற்கொலை தனிமனிதனின் மனக்கோளாறு மட்டுமன்று, அவன் வாழும் சமூகத்தோடு பிணைந்த நிகழ்வு என்பதைப் பிரெஞ்சு அறிஞர் எமில் துர்கைம் 1897இல் தம் நூலில் விளக்கினார். அவ்வழி நோக்குவோர் மாண்டவரின் தொழிலையும் ஆராய வேண்டியவராகின்றனர்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி, 2021இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தோர் 1,64,033 பேர். அவருள் தினக்கூலிகள் 42,004 பேர். வேளாண்மை சார்ந்தோர் 10,881 பேர். உழவர் துயரை நாளேடுகள் பேசும் அளவுக்குச் சித்தாளின் துயரைப் பேசுவதில்லை. எனினும் எண்ணிக்கை வேறு, விகிதம் வேறு. கூலிக்கு உழைப்போர் தொகையே பெரிதாதலின், இவ்வெண்களை மட்டும் கொண்டு எத்தொழில் இடர் மிக்கது எனத் தீர்ப்புரைத்தல் ஆகாது.

வறுமையும் கடனும் காரணங்கள் என்பதை யாவரும் அறிவோம். அவை மட்டுமே காரணமாயின், இங்கிலாந்து போன்ற நாடுகளில் வசதியுள்ள கால்நடை மருத்துவரிடையே தற்கொலை மிகுந்திருப்பதை எவ்வாறு விளக்குவது? உழவருக்கும் அவருக்கும் பொதுவான ஒன்று உண்டு: உயிர்போக்கும் பொருள் தொழிலின் பொருட்டே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சாகும் எண்ணம் பலருக்குச் சிறு பொழுதே உச்சத்தில் நிற்கும். அப்பொழுதில் அப்பொருள் எட்டாதிருப்பின் உயிர் தப்பும்.

இலங்கையே இதற்குச் சான்று. 1995இல் அங்கே இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மாண்டனர். அவ்வாண்டு முதல் கொடிய பூச்சிக்கொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. போர் 2009 வரை நீடித்தது. உழவர் கடனும் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் இருபதாண்டுகளில் விகிதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காயிற்று. தடையால் விளைச்சல் குன்றியதாகவும் தெரியவில்லை. நம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், சென்னை 'சினேகா' அமைப்பினர் ஊர்ப் பொது வைப்பறை அமைத்து, பூச்சிமருந்தை வீட்டில் வையாது அங்கே பூட்டிவைக்கும் முறையைச் சோதித்தனர். உழவர்கள் அதனை ஏற்றுக்கொண்டனர்.

இறைவன் தந்த உயிரைத் தானே போக்கிக்கொள்வதை இஸ்லாம் விலக்கியுள்ளது. அவ்விலக்கை எடுத்துரைப்பதோடு பெரியோர் பலர் நின்றுவிடுகின்றனர். வாடுபவனோ அதைக் கேட்டுத் தன் துயரை மேலும் மறைக்கிறான். பைத்துல்மால் நடத்தும் ஜமாஅத்தார், கடன் கேட்டு வருபவரிடம் தொகையை மட்டுமன்றி மனநிலையையும் உசாவலாம். 'சாக வேண்டும்போல் தோன்றுகிறதா?' என்று நேரே கேட்பது அவ்வெண்ணத்தை விதைக்காது என்பதே மனநல மருத்துவர் கருத்து. தோன்றுகிறது என்று விடை வருமாயின், அவரைத் தனியே விடாது, மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும்; 2022 முதல் இயங்கும் 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணிலும் இலவசமாகப் பேசலாம்.